பிரசங்கியாரும் பரிகாரியாரும்: வைத்தியர் கிறீனின் தமிழ்ப்பணி பற்றிய ஒரு மறுநோக்கு

அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் ஆதித் திருச்சபையில் எழுந்த பிணக்கொன்றைப் பதிவு செய்கின்றது. எருசலேமிற் கிரேக்க மொழி பேசியோர், அன்றாட உணவுப் பங்கீட்டிலே தமது விதவைகள் புறக்கணிக்கப்படுகின்றனர் என்று முறையிட்டனர். பன்னிரு அப்போஸ்தலரும் கூடி, தாம் திருவசனத்தை விட்டுப் பந்தி விசாரிப்பது தகாதெனக் கருதி, அப்பணிக்கென எழுவரை நியமித்தனர். பிரசங்கம் வேறு, பந்தி வேறு என்ற பிரிவினை இவ்வாறு தோன்றிற்று. இப்பகுதியை மேற்கோள் காட்டுவோர் பலரும் இரண்டு செய்திகளைக் கவனிப்பதில்லை. முதலாவது, பட்டினிக்குக் காரணமாய் அமைந்தது மொழி வேறுபாடு. புறக்கணிக்கப்பட்டோர் வேற்றுமொழி பேசிய ஏழைப் பெண்கள். இரண்டாவது, பந்தி விசாரிக்க நியமனம் பெற்ற எழுவருள் ஒருவராகிய ஸ்தேவானை அதே அதிகாரத்திலேயே வாதம் புரிபவராகவும், அடுத்த அதிகாரத்தில் நீண்ட பிரசங்கஞ் செய்து கல்லெறியுண்டு மடிபவராகவும் காண்கிறோம். வகுத்த பிரிவினை வகுத்த அன்றே நிலைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இதே பிரச்சினை பொஸ்ரன் நகரத்து மிஷன் அலுவலகத்துக்கும் மானிப்பாய் மருந்துச் சாலைக்கும் இடையே மீண்டும் எழுந்தது. அதன் மையத்தில் நின்றவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). கிறீனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் நன்றியுணர்வின்பாற்பட்டவை. கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட 'கிறீனின் அடிச்சுவடு' அவரை எமது தலைமுறையினருக்கு மீள அறிமுகஞ் செய்தது. அதற்காக நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயின் நன்றி நவிலல் ஆய்வாகாது. மறுபுறத்தில் முற்போக்கு வட்டாரங்களிலே, மருந்து தூண்டில், மதம் முள் என்று ஒரே வாக்கியத்தில் இவ்விடயத்தை முடித்துவிடும் வழக்கமும் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எழுதியவர்களே. இருசாராரும் மிஷனரியின் உள்ளக்கிடக்கையையே தேடுகின்றனர். அவர் விட்டுச்சென்ற நூல்களைப் படிக்கின்றவர் மிகச் சிலர். இலக்கிய மாணவர் என்ற முறையில் எமக்கு உரியது பின்னையதே.

முதலில் இம்முயற்சிகளின் பொருளாதார அடித்தளத்தைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டனர். 1819இன் இறுதியில் வந்து பண்டத்தரிப்பிற் பணியாற்றிய ஜோன் ஸ்கடர் வைத்தியராயினும் குருப்பட்டமும் பெற்றவர். நோயாளருக்கு மருந்தும் பிரசங்கமும் ஒரே கையால் வழங்கியவர். கிராமந்தோறும் இலவசப் பள்ளிகள் எழுந்தன. 1837இல் இப்பள்ளிகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஏறத்தாழ ஒரே வேளையில் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். காரணம் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாண்டு வெடித்த நிதி நெருக்கடியில் வங்கிகள் முறிந்தன. நிலச் சூதாட்டம் சரிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. நியூ இங்கிலாந்து வணிகரின் காணிக்கை வற்றியதும் சங்கம் செலவைக் குறைத்தது. அந்தப் பருத்தி தென் மாநிலங்களில் அடிமைகள் விளைவித்த பருத்தி என்பதும் மனங்கொள்ளத்தக்கது. தெல்லிப்பழையிலோ உடுவிலிலோ ஓலைக் கொட்டிலொன்றில் எழுத்துப் படித்த சிறுவனின் கல்வி, மிசிசிப்பிக் கரையின் அடிமை உழைப்போடு இவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தது. தனிமனிதரின் இரக்கம் எத்துணை மெய்யானதாயினும் அது மூலதனத்தின் ஏற்ற இறக்கங்களுக்கு உட்பட்டே செயற்பட முடிந்தது.

செலவு குறைக்கப்படும் பொழுதெல்லாம் முதற்பணி எது என்ற வினாவும் எழுந்தது. பொஸ்ரன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தார். நற்செய்தியை வாயால் அறிவித்தலும் சுதேச சபைகளை நிறுவுதலுமே மிஷனின் இலக்கு. பள்ளி, அச்சகம், வைத்தியம் யாவும் அதற்குத் துணை மட்டுமே. துணை முதலை விழுங்குமாயின் வெட்டப்பட வேண்டும். சீனத்தின் கன்ரன் நகரிற் கண் வைத்தியத்தாற் பெரும்புகழ் பெற்ற பீற்றர் பார்க்கரைச் சங்கம் 1847இல் தன் பொறுப்பிலிருந்து நீக்கியது. அவர் இராசதந்திரப் பதவி ஏற்றிருந்தமை ஒரு காரணம். மருத்துவமனை அவரது பிரசங்க நேரத்தைத் தின்றுவிட்டது என்ற நெடுநாள் மனக்குறை மற்றொன்று. அதே 1847இலேதான் இருபத்தைந்து வயதான கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அன்டர்சனை ஈரமற்ற மனிதராகக் காட்டுவது எளிது. அது நியாயமாகாது. 1854–55இல் அவர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து நேரிற் கண்டவற்றில் உண்மை இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி ஆங்கிலத்திலே கணிதமும் வானவியலும் தத்துவமும் கற்பித்தது. அங்கே கற்றோர் பலர் ஊழியத்துக்கு வரவில்லை. அரசாங்கக் கந்தோர்களுக்கும் கடல் கடந்த உத்தியோகங்களுக்குமே சென்றனர். மத்தியதர வர்க்கமொன்றைப் பிறப்பிக்கும் தொழிற்சாலையாக மிஷன் மாறிவிட்டது என்று அன்டர்சன் கண்டது எந்த மார்க்சியரும் ஒப்பக்கூடிய கணிப்பே. 1855இற் செமினரி மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் அச்செமினரியின் பழைய மாணவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர், பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை. சபைக்கு ஆகாத கல்வியெனப் பொஸ்ரன் தள்ளியது தமிழாய்வுக்கு மூலமாயிற்று. வரலாற்றின் இத்தகைய கோணல்களுக்கு எந்தச் சங்கத்தின் அறிக்கையிலும் இடமிருப்பதில்லை.

அன்டர்சன் ஆங்கிலத்தை வெறுத்தார், தாய்மொழியை வலியுறுத்தினார். கிறீனும் பின்னாளில் அதனையே செய்தார். எனினும் இருவரும் தமிழ் வேண்டும் என்ற பொழுது ஒன்றையே வேண்டினர் என்பது பொருந்தாது. அன்டர்சனுக்குத் தமிழ், சொல்லப்பட வேண்டிய ஒன்றைச் சென்றடையச் செய்யும் வாய்க்கால். அறிவு வேறிடத்தே முடிந்து முற்றுப்பெற்றிருக்கிறது. கேட்போர் அதனை ஏற்பதே எஞ்சியுள்ளது. கிறீனின் கையில் அது வேறொன்றாயிற்று.

கிறீன் மானிப்பாயில் மருந்துச் சாலையை நிலைநாட்டியவர். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர். வேதவாசிப்பும் செபமும் முடிந்த பின்பே வைத்தியம் தொடங்கிற்று. ஆகையால் பிரசங்கத்தை அவர் கைவிட்டார் என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. அறுபதுக்கு மேற்பட்டோரை அவர் மேனாட்டு வைத்தியத்திற் பயிற்றினார். தொடக்கத்திற் கற்பித்தல் ஆங்கிலத்திலே நடைபெற்றது. 1864 தொடக்கம் தமிழில். இத்திருப்பமே எமது நோக்கில் முதன்மையானது. ஆங்கிலத்திற் பயின்ற வைத்திய மாணவன் செமினரி மாணவன் சென்ற வழியிலேயே சென்றான். அரச வேதனம் அவனை அழைத்தது. தமிழிற் பயின்றவன் கிராமத்திலே தங்குவான் என்று கிறீன் கணக்கிட்டார். தம் மாணவர் காற்சட்டையும் தொப்பியும் தரிப்பதைக்கூட அவர் விரும்பவில்லை; தமிழராகவே இருந்து கிறிஸ்தவராதல் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இதிலே தந்தைமை மனப்பான்மை கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சுதேசி எவ்வாறு உடுக்க வேண்டுமென அந்நியர் தீர்மானிப்பது எந்தக் கோலத்தில் வந்தாலும் ஆதிக்கமே.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டும். 1850களின் தொடக்கத்தில் வெளிவந்த 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' கல்வின் கற்றர் என்ற அமெரிக்கரின் பாடநூலைத் தழுவியது. தொடர்ந்து 'பிரசவ வைத்தியம்' (1857), 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'வைத்தியாகரம்' (1872), 'கெமிஸ்தம்' (1875), 'மனுஷ சுகரணம்' (1883) என்பன வெளிவந்தன. யாவும் சேர்ந்து 4,000க்கு மேற்பட்ட பக்கங்கள். தம் மாணவரையும் உடனிருத்தியே அவர் இவற்றை ஆக்கினார்; ஆதலின் கிறீன் தமிழ் என நாம் குறிப்பிடுவது உண்மையில் ஒரு கூட்டு உழைப்பின் பெயர்.

தலைப்புக்களையே சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அங்காதிபாதம் என்ற ஆக்கம் தமிழ் வாசகனின் செவியில் உடனே மற்றொன்றை எழுப்புகின்றது. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்பன எமது சிற்றிலக்கிய மரபில் இறைவனையோ தலைவனையோ தலைவியையோ உறுப்புறுப்பாக வருணிக்கும் வகைகள். அங்கே உடல், காண்பதற்கும் வியப்பதற்கும் வணங்குவதற்கும் உரியது. அந்தச் சொல்லமைதியின் சாயலிலேயே உடற்கூற்றியலுக்குப் பெயரிட்டபோது, வருணனைக்குரிய உடல் அறுத்தறிவதற்குரிய உடலாயிற்று. அவர்கள் இதனை அறிந்து செய்தனரா என்பது எமது வாதத்துக்கு இன்றியமையாததன்று. மொழி தானே தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இதற்கு நேர்மாறானது கெமிஸ்தம். அயற்சொல்லின் வாலைத் தறித்து, தமிழில் இயல்பாக வரும் 'அம்' ஈற்றைப் பொருத்தி, பெயர்ச்சொல்லாக நிறுத்திவிட்டனர். இரசவாதம் என்ற பழஞ்சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தலைப்புக்கு அதனைக் கொள்ளவில்லை. பொன்னாக்கும் கனவையும் புதிய விஞ்ஞானத்தையும் ஒரே பெயரால் அழைப்பதன் இடர்ப்பாட்டை உணர்ந்திருத்தல் கூடும். உள்ள சொல்லை எப்போது விரிப்பது, எப்போது விலக்குவது என்ற இத்தெரிவு, பின்வந்த கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பலவற்றினும் தெளிவானது என்றே நாம் கருதுகிறோம்.

இனிப் பிரசங்கத்தின் உரைநடைக்கும் வைத்திய நூலின் உரைநடைக்கும் உள்ள உறவைப் பார்க்கலாம். தமிழ் உரைநடை வளர்ச்சியில் மிஷனரிப் பிரசங்கத்துக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் உரிய இடம் ஏற்கெனவே நிறுவப்பட்டது. கூட்டத்தை விளித்தல், ஐயத்தை எழுப்பி விடுத்தல், உணர்ச்சியை ஏற்றி முடிவுக்கு இட்டுச்செல்லல் ஆகியவற்றைத் தமிழ் மேடை அங்கிருந்தும் பெற்றது. எனினும் அந்த உரைநடையில் கேட்போன் ஒரே நிலையிலேயே வைக்கப்படுகிறான். அவன் குறையுடையவன், திரும்ப வேண்டியவன், பேசுவோனிடம் உள்ளது அவனிடம் இல்லை. இரண வைத்திய நூலொன்றின் இயல்போ வேறு. குருதிக்குழாயை எங்கே அமுக்குவது, எந்த இடத்திற் கட்டுவது, கட்டியபின் எதனைக் கவனிப்பது என்று அது சொல்லியாக வேண்டும். படிப்பவனின் மனமாற்றத்தை அன்று, அவன் கையின் செயலை அது வேண்டி நிற்கின்றது. தவறு இருப்பின் நோயாளி சாவான், நூலும் பொய்யாகும். ஆசிரியனின் சொல்லை மாணவன் சோதித்தறியும் வாய்ப்பு அதன் அமைப்பிலேயே உண்டு. இரக்கம் அயலாரின் தருமமாக இருக்கும் வரையில் பெறுபவன் கைநீட்டி நிற்பவனே. அது கற்பிக்கத்தக்க தொழிலாக மாறும்பொழுதே பெறுபவன் செய்பவனாகின்றான். கிறீனின் நூல்கள் இம்மாற்றத்தின் ஆவணங்கள். அவற்றின் பெறுமதி எமக்கு இங்கேயே உள்ளது. அவரது நற்குணத்திற் சார்ந்திருக்கவில்லை.

ஆயினும் யாருக்கு இந்நூல்கள் கைக்கெட்டின? சுகரணம், உற்பாலனம், வைத்தியாகரம் முதலிய சொற்கள் பண்டிதர் வழக்கின. வடமொழிக் கல்வியோ நிகண்டுப் பயிற்சியோ இல்லாதவனுக்கு ஆங்கிலத்தினும் அவை அதிகம் நெருங்கியன எனல் அரிது. மிஷன் பள்ளிகளின் மேல்வகுப்புகளிற் பெரும்பான்மையினர் நிலமுடைய வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். வைத்திய மாணவரும் அத்தட்டிலிருந்தே வந்திருத்தல் இயல்பு. மருந்துச் சாலை வாசலில் எல்லோரும் வந்து நின்றனர். நூலின் வாசலில் எல்லோரும் நிற்கவில்லை. இரக்கத்தின் எல்லையும் அறிவின் எல்லையும் ஒன்றல்ல என்பதும், இடையே நின்ற வேலி சாதியாலும் காணியாலும் கட்டப்பட்டது என்பதும் கிறீனைப் போற்றுவோர் பேசாத பகுதி. 'குத்துது', 'உளையுது', 'ஓங்காளிக்குது' என்று நோயைச் சொன்ன சனங்களின் மொழிக்கும் சுகரணத்துக்கும் நடுவே ஒரு பாலம் கட்டப்படவில்லை. கிராமத்துப் பரிகாரியார் அப்பாலத்தில் நின்றவர். அவரது வாகடச் செய்யுட்கள் பழையனவாயினும் அவர் பேச்சு நோயாளியின் பேச்சே.

கிறீன் பிறந்த அதே 1822இற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் ஈடுபட்டு, மிஷனின் கருவிகள் யாவற்றையும் உள்ளிருந்தே கண்டு வெளியேறியவர். பிரசங்கம், பள்ளி, அச்சகம் என்ற மூன்றையும் சைவத்துக்கு ஆக்கினார். வைத்தியம் நாலாவதாக அமையவில்லை. ஆயின் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே அவர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். மிஷனரிமார் பணத்தையும் உத்தியோகத்தையும் காட்டி மதம் மாற்றுகின்றனர் என்ற குற்றச்சாட்டு சைவத் தரப்பின் நிலையான ஆயுதம். அந்த ஆயுதத்தை ஏந்தியவரும் பசியின் முன்னே பிரசங்கத்தை நிறுத்திக் கஞ்சி வார்க்க நேர்ந்தது. இதனைப் போட்டி மனப்பான்மை எனச் சுருக்குவது சரியன்று. பஞ்சத்தைப் பாராமுகமாக விட்ட குடியேற்ற நிருவாகத்தை அவர் வெளிப்படையாகச் சாடியமையும் கருதப்பட வேண்டும். அரசு தன் கடமையைக் கைவிட்ட வெற்றிடத்திலேயே மிஷனின் மருந்தும் நாவலரின் கஞ்சியும் அருகருகே தோன்றின.

அந்த அரசே இறுதியில் கிறீனின் தமிழ் முயற்சியையும் விழுங்கிற்று. 1870இற் கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. அதன் சான்றிதழுக்கே உத்தியோகமும் வேதனமும் உரியன. செமினரியை இழந்த யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கமும் அதற்குள் ஆங்கிலக் கல்விக்கு வேறு வாயில்களைத் தேடிக்கொண்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1873இற் கிறீன் நோயுற்ற உடலோடு தாயகம் திரும்பினார். அவர் சென்றபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழ் இயலாது என்று எவரும் நிறுவியதால் அது கைவிடப்படவில்லை. ஊதியம் வேறு மொழியில் இருந்தமையாலேயே கைவிடப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் மானிப்பாயிலும் இணுவிலிலும் மிஷன் மருத்துவமனைகள் பெருகியபோது, தொடக்கத்தில் அவற்றை நடத்தியோர் மீண்டும் வெளிநாட்டு வைத்தியர்களே. கட்டடம் வளர்ந்தது, செய்பவன் மீண்டும் பெறுபவனாயினான்.

வூஸ்ரர் நகருக்கு மீண்டபின் கிறீன் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். முன்னே நோயாளர் இல்லை. பிரசங்கம் கேட்க ஒரு தமிழரும் இல்லை. அவ்விடத்திலிருந்தே அவர் தமிழ் நூல்களைத் திருத்தியும் மொழிபெயர்த்தும் அனுப்பிக்கொண்டிருந்தார். 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பு. தம் கல்லறையிலே தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்ற பொருள்பட எழுதப்பட வேண்டுமென அவர் விரும்பினார். பொஸ்ரன் பிரிக்க முயன்ற இரு சொற்களையும் அவர் கல்லறை வரையிலும் பிரிக்கவில்லை. மார்க்சியர் என்ற முறையில் அவ்விரு சொற்களுள் ஒன்றை நாம் ஏற்கமாட்டோம். ஆயின் ஒன்றை மட்டும் வெட்டியெடுத்து அவரை மதச்சார்பற்ற அறிவியல் வீரராக நாம் புனைந்துகொள்வதும் நேர்மையாகாது. அவரைத் தமிழுக்குக் கொணர்ந்தது அந்த விசுவாசமே.

இவ்விடத்தில் எமது காலத்தைச் சார்ந்த ஒரு நிகழ்வையும் சுட்டுதல் பொருந்தும். வணபிதா மைக்கேல் றொட்றிகோ 1980 தொடக்கம் புத்தளைப் பகுதியிற் பௌத்த சிங்கள விவசாயிகளிடையே வாழ்ந்தார். எவரையும் மதம் மாற்ற முயலவில்லை. அவர்களது வறுமையையும் நிலத்தின் பிரச்சினையையும் தமதாக்கினார். 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை வேளையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பந்தி விசாரிக்க வந்தவன் ஏன் சாக வேண்டியிருந்தது என்ற வினாவுக்கு ஸ்தேவானின் கதை ஒரு விடை தருகின்றது. வர்க்கங்களின் கதை மற்றொரு விடை தருகின்றது. முற்போக்காளர் மத ஊழியத்தை முழுதாக மயக்கமருந்து என்று ஒதுக்குவதற்கு முன் இவ்விரண்டையும் எதிர்கொள்ளுதல் வேண்டும். மார்க்ஸ் அச்சொல்லை வழங்கிய அதே பந்தியில், மதத் துயரம் மெய்த்துயரத்தின் வெளிப்பாடும் அதற்கெதிரான முறையீடுமாகும் என்று எழுதியமையை எம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கிறீனின் வினா இன்னும் விடையின்றியே உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் ஆங்கிலத்தில் தொடங்கிற்று, ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. சர்வதேச அறிவோடு தொடர்பு என்ற நியாயம் அதற்கு உண்டு. நாம் அதனை இலேசாகக் கொள்ளவில்லை. ஆயின் எமது மருத்துவமனைகளில் வெளிநோயாளர் வரிசையிலே விடியற்காலை தொட்டு நிற்கும் தோட்டக் கூலியின், மீனவப் பெண்ணின் கையிலே ஒரு சிறு கொப்பி இருக்கின்றது. அவர்களது உடலைப் பற்றிய முழு விபரமும் அதில் எழுதப்பட்டிருக்கின்றது. அதனை அவர்களால் வாசிக்க முடியாது. வீட்டுக்குச் சென்றதும் பள்ளியிற் படிக்கும் பிள்ளையிடம் நீட்டுகின்றனர். பிள்ளையும் மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கின்றது.